யார்டில் வாங்கிய பழைய பார்ட்டும் தீராத கோளாறும்: அறிகுறி வைத்துத் தேடும் வழி

காலையில் செல்ஃப் எடுக்கத் திணறியது. ஹெட்லைட் மங்கல். எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் மீட்டர் வைத்தால் 12.5 வோல்ட்தான் காட்டியது. எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவது டைனமோ. ‘டைனமோ போச்சு’ என்று நானே தீர்ப்பெழுதிவிட்டேன். பழைய வண்டிகளை உடைத்து விற்கும் யார்டுக்குப் போய், அரை நாள் மல்லுக்கட்டி, அதே மாடல் வண்டியிலிருந்து ஒரு டைனமோவைக் கழற்றி வந்து மாட்டினேன். மறுபடியும் 12.5. விற்றவரை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே போய் இன்னொன்று வாங்கி வந்தேன். அதுவும் 12.5.

அடுத்ததற்குக் கிளம்பும்போதுதான் மெக்கானிக் ஒருவர், எஞ்சினிலிருந்து பாடிக்கு வரும், மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழியான எர்த் பட்டையைத் தொட்டுக் காட்டினார். போல்ட்டுக்கு அடியில் பச்சை பூத்திருந்தது. லேசாக இழுத்ததும் பாதி இழைகள் கையோடு வந்துவிட்டன. பழையதையும் சேர்த்து மூன்று டைனமோவும் நல்லவைதான்.

அன்றிலிருந்து ஒரு வரிசையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன். பார்ட் மாட்டியும் கோளாறு தீரவில்லை என்றால் முதலில் என் வண்டியைப் பார்ப்பேன். அடுத்து, இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா என்று பார்ப்பேன். பார்ட் மேல் சந்தேகப்படுவது அதற்கப்புறம்தான். யார்டில் நிற்கும்போது மட்டும் கதை வேறு. அங்கே முதல் சந்தேகம் பார்ட் மீது இல்லை, அது உட்கார்ந்திருக்கும் வண்டி மீது.

யார்டிலேயே: வண்டியில் ஒரு கீறல்கூட இல்லை, ஆனால் உடைக்க வந்திருக்கிறது

முதல் தடவை போகிறவர் பளபளப்பான வண்டியைத் தேடித்தான் போவார். நான் போவது நசுங்கிய வண்டிக்கு. பின்னால் அடிவாங்கிய வண்டி, அடிபட்ட நொடிவரை ஓடிக்கொண்டிருந்த வண்டி. அதன் எஞ்சின், கியர் பாக்ஸ், டைனமோ, செல்ஃப் மோட்டார் எல்லாம் வேலையில் இருந்தவை. முன்னால் அடிபட்டது என்றால் பின் கதவு, டெயில் லேம்ப், பின் ஆக்சில், சீட் பக்கம் பாருங்கள். ஒரு கீறலும் இல்லாத வண்டி ஏன் இங்கே வந்து நிற்கிறது? பெரும்பாலும் எஞ்சினோ கியர் பாக்ஸோ போயிருக்கும், செலவு செய்து கட்டுப்படியாகாமல் தள்ளிவிட்டிருப்பார்கள். இல்லாவிட்டால் தண்ணீரில் நின்றிருக்கும். அப்படிப்பட்ட வண்டியில் கதவும் கண்ணாடியும் வாங்கலாம். எஞ்சின் பக்கம் கை வைக்காதீர்கள்.

“அண்ணே, இது எப்படி வந்துச்சு?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பதில் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் வண்டி சொல்லிவிடும். சீட் பெல்ட்டைக் கடைசி அங்குலம்வரை வெளியே இழுத்துப் பாருங்கள். வெளியே தெரியும் பகுதியை யாராவது கழுவியிருக்கலாம், உள்ளே சுருண்டிருக்கும் பகுதியைக் கழுவ யாருக்கும் தோன்றாது. அங்கே மண் நிறத்தில் ஒரு கோடு இருந்தால் தண்ணீர் அந்த உயரம்வரை ஏறியிருக்கிறது. சீட் தண்டவாளத்தின் போல்ட்டுகளில் துரு, கார்ப்பெட்டுக்கு அடியில் வண்டல், ஹெட்லைட்டுக்குள் காய்ந்த சேறு இருந்தாலும் இதே கதைதான். வெள்ளத்தில் நின்ற வண்டியிலிருந்து மின்சாதனம் எதுவும் வேண்டாம். இன்றைக்கு வேலை செய்யும் கம்ப்யூட்டர் பெட்டி, கனெக்டர் பின்கள் பச்சை பூக்கப் பூக்க ஒவ்வொன்றாகக் கைவிடும். அப்படி விட்டுவிட்டு வரும் கோளாறைக் கண்டுபிடிப்பதுபோல் நரகம் வேறு கிடையாது.

கழற்றுவதற்கு முன் பாதுகாப்பு பற்றி ஒரு வார்த்தை. ஜாக்கி மேல் நிற்கும் வண்டிக்கு அடியில் தலையை நுழைக்காதீர்கள். சக்கரம் இல்லாமல் வெறும் பிரேக் டிஸ்க் மேலோ, வெல்டிங் செய்த ரிம் மேலோ நிறுத்தியிருந்தால் ஒரு தடவை தள்ளிப் பார்த்து, ஆடினால் விலகிவிடுங்கள். பானட்டுக்கு அடியில் ஆரஞ்சு நிறத்தில் தடித்த கேபிள் தெரிந்தால் அது ஹைபிரிட் அல்லது மின்சார வண்டி. அந்த நிறம் உயர் மின்னழுத்தத்துக்கானது. அதன் பயிற்சி இல்லாதவர் ஸ்பேனரைப் பைக்குள் வைத்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

பேட்டரியில் சார்ஜ் ஏறவில்லை

என் கதைக்கே வருகிறேன். நிறைவாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி, வண்டி அணைந்து சில மணி நேரம் கழித்து 12.6 வோல்ட் பக்கம் காட்டும். எஞ்சின் ஓடும்போது வழக்கமான வண்டியில் 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். இல்லை என்றால் டைனமோவைக் கழற்றுவதற்கு முன் இரண்டு அளவு எடுங்கள். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, எஞ்சின் ஓட, ஹெட்லைட்டும் பின்கண்ணாடி ஹீட்டரும் போட்டபடி, ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸிலும் மறு முனையை டைனமோவின் உடம்பிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் போனால் எர்த் சரியில்லை. என் வண்டியில் 1.6 காட்டியது. அந்த 1.6 வோல்ட் முழுவதும் பச்சை பூத்த அந்தப் பட்டையில்தான் வீணாகிக்கொண்டிருந்தது. அடுத்து, பேட்டரி பிளஸுக்கும் டைனமோவின் பின்னால் தடித்த வயர் சேரும் போல்ட்டுக்கும் நடுவே அளவெடுங்கள். இங்கே வோல்ட் அதிகமாக விழுந்தால் பெரிய ஃபியூஸோ கேபிளோதான் குற்றவாளி.

இரண்டும் சரியாக இருந்து, மாட்டிய டைனமோவும் சார்ஜ் தரவில்லை என்றால் பொருத்தத்துக்கு வாருங்கள். வெளித்தோற்றம் அச்சு அசலாக இருக்கும், பின்னால் சொருகும் பிளக்கில் மட்டும் பின்களின் எண்ணிக்கை மாறியிருக்கும். பின் எண்ணிக்கை ஒன்றாக இருந்தும் ஏமாறலாம். இப்போதைய பல வண்டிகளில் எவ்வளவு சார்ஜ் வேண்டும் என்று டைனமோவுக்குக் கட்டளை போடுவது எஞ்சின் கம்ப்யூட்டர்தான். கட்டளை கேட்காத பழைய ரகத்தை அதில் மாட்டினால் இரண்டுக்கும் பாஷை புரியாது. இன்னொரு விஷயம், கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் வண்டியில் வோல்ட் அவ்வப்போது 12.8க்கு இறங்குவதும் 14.8க்கு ஏறுவதும் சகஜம். அதைப் பார்த்துப் பயந்து நல்ல டைனமோவைத் திருப்பிக் கொடுக்காதீர்கள்.

புல்லியில் எத்தனை வரிப் பள்ளங்கள் என்று விரலால் எண்ணிப் பாருங்கள். ஆறு வரி பெல்ட்டுக்கு ஐந்து வரி புல்லி மாட்டியவர்கள் உண்டு, பெல்ட் ஓரம் உரிந்து கீச்சிடும். சில டீசல் வண்டிகளில் புல்லி ஒரு திசையில் மட்டும் தனியாகச் சுழலும் கிளட்ச் ரகம். அதன் இடத்தில் சாதாரண புல்லி வந்தால் ஐடிலில் பெல்ட் துடிக்கும், பெல்ட் இறுக்கியிலிருந்து கடகடவென்று சத்தம் வரும்.

இவ்வளவுக்கும் பிறகுதான் பார்ட் மேல் பழி. யார்டிலேயே கையால் சுற்றிப் பார்த்திருந்தால் பேரிங் கரகரப்பு அங்கேயே தெரிந்திருக்கும். ஷாஃப்டைப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆட்டம் இருக்கக் கூடாது.

செல்ஃப் மோட்டாருக்கு நீளமாக எழுத ஒன்றுமில்லை. பல் எண்ணிக்கையும் சுழலும் திசையும் பார்த்து வாங்குங்கள். பேட்டரியில் இணைத்துச் சோதிக்கும்போது காலால் மிதித்துப் பிடித்துக்கொள்ளுங்கள், துள்ளும்.

ஸ்டார்ட் ஆகிறது, இரண்டே நொடியில் அணைகிறது

எஞ்சின் கம்ப்யூட்டரை மாற்றிய பிறகு இது நடந்தால் வண்டியின் பெட்ரோல் பம்ப் மேல் சந்தேகப்படவேண்டாம். சாவி படம் போட்ட விளக்கு மின்னுகிறதா பாருங்கள். திருட்டுத் தடுப்புப் பூட்டு வேலை செய்கிறது. சாவிக்குள் இருக்கும் சில்லும், அதைப் படிக்கும் பெட்டியும், எஞ்சின் கம்ப்யூட்டரும் ஒன்றையொன்று அடையாளம் தெரிந்து வைத்திருக்கும். நடுவில் ஒன்று மட்டும் அந்நியன் என்றால் எஞ்சினை ஓட விடாது. சில வண்டிகளில் செல்ஃப்கூட சுற்றாது.

கம்ப்யூட்டர் வாங்கும்போது அந்த வண்டியின் சாவியையும் பூட்டுப் பெட்டியையும் சேர்த்து ஒரே செட்டாகக் கேளுங்கள். கிடைக்காவிட்டால், வாங்குவதற்கு முன்பே அதை உங்கள் வண்டிக்குப் பழக்கித் தரும் ஆளைப் பேசி வையுங்கள். சில பெட்டிகள் ஒரு தடவை பதிந்ததை மறக்கவே மறக்காது, அவை வெறும் கனம்தான். லேபிளில் உள்ள எண்ணில் கடைசி எழுத்து மட்டும் மாறியிருந்தாலும் விசாரிக்காமல் எடுக்காதீர்கள். அதே எஞ்சினுக்கு மேனுவல் கியர், ஆட்டோ கியர் என்று மென்பொருள் தனித்தனி.

ஏபிஎஸ் லைட் எரிகிறது

ஏபிஎஸ் என்பது பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு. சக்கரத்தைச் சுழற்றும் தண்டான டிரைவ் ஷாஃப்ட் மாற்றிய மறுநாள், கொஞ்ச தூரம் ஓடியதும் லைட் வந்தால் ஷாஃப்ட் நுனியில் உள்ள பல்வளையத்தின் பற்களை எண்ணுங்கள். ஏபிஎஸ் கம்ப்யூட்டர் அந்தப் பற்களை எண்ணித்தான் சக்கர வேகத்தைக் கணக்கிடுகிறது. ஒரு சக்கரத்தில் மட்டும் பல் எண்ணிக்கை மாறினால், அந்தச் சக்கரம் மற்ற மூன்றைவிட வேகமாகவோ மெதுவாகவோ ஓடுவதாக அதற்குத் தோன்றும். ஷாஃப்ட் நீளம் ஒன்று, இரண்டு முனைப் பள்ளங்களும் ஒன்று, பல் மட்டும் வேறு. நான் பார்த்த இப்படிப்பட்ட கேஸில் எண்ணவே யாருக்கும் தோன்றவில்லை. சென்சார், அது மாற்றியும் தீராமல் வயரிங் என்று அலைந்தார்கள்.

ஹப் பேரிங்கில் இதே கோளாறு வேறு உருவத்தில் வரும். பல் கிடையாது, பேரிங்கின் ஒரு முகத்திலேயே காந்த வளையம் ஒட்டியிருக்கும். அந்த முகம் சென்சாரைப் பார்த்திருக்க வேண்டும். திருப்பி அடித்துவிட்டால் சக்கரம் அருமையாகச் சுற்றும், சென்சாருக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. எந்தப் பக்கம் என்று தெரிய ஒரு குண்டூசியை வைத்துப் பாருங்கள், காந்தப் பக்கத்தில் லேசாக ஒட்டும். கையில் இருக்கும் பெரிய காந்தத்தை அருகே கொண்டுபோய்ச் சோதித்தால் வளையத்தின் காந்தப் பதிவே கெட்டுவிடும். அழுத்திப் பொருத்தும் ரகப் பேரிங்கை யார்டில் வாங்குவதே வீண். கழற்றும்போது கொடுத்த அடியில் பாதி உயிர் போயிருக்கும்.

ஸ்டியரிங் நடுங்குகிறது

எப்போது நடுங்குகிறது என்பதே பாதிப் பதில். பிரேக் மிதிக்கும்போது மட்டும் என்றால் டிஸ்க். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் தொடங்கி, அதைத் தாண்டினால் குறைகிறது என்றால் சக்கரம்.

டிஸ்கின் குறைந்தபட்சத் தடிமன் பெரும்பாலும் அதன் மேலேயே பொறித்திருக்கும். பழைய டிஸ்க் அந்த அளவை நெருங்கியிருந்தால் தொடவேண்டாம். பிரேக் பேட், பிரேக் ஹோஸ், சிலிண்டர் ரப்பர் இவற்றைப் பழையதாக வாங்கும் பேச்சே கூடாது. மிச்சப்படும் தொகைக்கும் அந்த ஆபத்துக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

அலாய் வீலில்தான் அழகான ஏமாற்று நடக்கும். ஐந்து போல்ட், அவை நிற்கும் வட்டம் 114.3 மி.மீ. உள்ள ஹப்பில் 112 மி.மீ. வீல் கிட்டத்தட்ட உட்கார்ந்துவிடும். நட்டையும் முறுக்கிவிடலாம். ஆனால் கூம்பு எந்த நட்டிலும் முழுசாகப் படியாது, ஓட ஓடத் தளரும். இந்த நடுக்கத்தைப் பேலன்ஸிங் கடையில் தீர்க்க முடியாது. நட்டின் முகம் கூம்பா, உருண்டையா என்பதும் வீலோடு பொருந்த வேண்டும். நடு ஓட்டை ஹப்பைவிடப் பெரிதாக இருந்தால் இடைவெளிக்கு வளையம் போட்டாக வேண்டும்.

எல்லாம் பொருந்தியும் நடுங்கினால் வீல் வளைந்திருக்கலாம். யார்டில் டயர் இல்லாத வீலை உட்புற விளிம்பு தெரியும்படி தரையில் உருட்டிப் பாருங்கள். குழியில் விழுந்த வீல் பெரும்பாலும் உள்பக்கம்தான் மடங்கும், வெளிமுகம் புதுசுபோல இருக்கும்.

டயரோடு சேர்த்துக் கொடுத்தால் பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் உள்ள நாலு இலக்கத்தைப் படியுங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பட்டன் எவ்வளவு ஆழம் இருந்தாலும் பத்து வயசான டயர் கழிவுதான்.

எஞ்சின் சூடேறுகிறது, புகைகிறது

ரேடியேட்டர் மாற்றியதும் சூடேறினால் பெரும்பாலும் உள்ளே காற்று அடைத்திருக்கும். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, கூலன்ட் பாதையில் காற்றை வெளியேற்றுங்கள். அப்போதும் தீராவிட்டால் எஞ்சினை அணைத்து, ஃபேன் நின்ற பிறகு, ரேடியேட்டர் முகத்தில் கையை மெல்ல நகர்த்துங்கள். நடுவில் ஒரு திட்டு மட்டும் ஜில்லென்றிருந்தால் அந்தக் குழாய்கள் அடைத்திருக்கின்றன. உண்மையைச் சொன்னால் ரேடியேட்டரை நான் புதிதாகத்தான் வாங்குவேன். ஆட்டோ கியர் வண்டிக்கு இது கட்டாயம் என்றே சொல்வேன். பல வண்டிகளில் கியர் ஆயில் கூலர் ரேடியேட்டர் தொட்டிக்குள்ளேயே இருக்கிறது. அது உள்ளே ஓட்டையானால் கூலன்ட் கியர் ஆயிலோடு கலந்து, ரேடியேட்டரை மிச்சம்பிடிக்கப் போனவர் கியர் பாக்ஸையே தொலைப்பார்.

முழு எஞ்சின் வாங்குகிறவர் யார்டில் நிதானமாக இருக்க வேண்டும். ஆயில் மூடியைத் திறந்தால் அடியில் வெள்ளைக் குழம்பு ஒட்டியிருக்கிறதா, கூலன்ட் தொட்டியில் எண்ணெய் மினுக்கு இருக்கிறதா பாருங்கள். மூடியில் மட்டும் லேசான வெள்ளை என்றால் குட்டிக் குட்டிப் பயணம் ஓடிய வண்டியாகவும் இருக்கலாம். ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கிலும் வெள்ளை என்றால் நடையைக் கட்டுங்கள். பிளக்குகளைக் கழற்றிவிட்டு, சிலிண்டர்களில் கொஞ்சம் எண்ணெய் ஊற்றி, கிராங்க் புல்லி போல்ட்டில் பெரிய ஸ்பேனர் போட்டு இரண்டு முழுச் சுற்று கையால் சுற்றுங்கள். எங்கேயும் முட்டக் கூடாது. செல்ஃப் கொடுக்க வழியிருந்தால் கம்ப்ரஷன் அளவு எடுங்கள். எண் எவ்வளவு என்பதைவிட நான்கு சிலிண்டரும் ஏறக்குறைய சமமா என்பதுதான் முக்கியம், பத்துப் பதினைந்து சதவீதத்துக்குள் வித்தியாசம் இருந்தால் சரி. ஏற்கெனவே யாரோ ஹெட்டின் மேல்மூடியையோ காற்று உள்ளே போகும் இன்டேக்கையோ எடுத்துப் போயிருந்தால், எத்தனை மழை உள்ளே இறங்கியதோ தெரியாது. விட்டுவிடுங்கள்.

மாட்டிய பின் முதல் சில நிமிடம் புகை வந்தால் பதறவேண்டாம். கையால் சுற்றுவதற்காகச் சிலிண்டரில் ஊற்றிய எண்ணெய் எரிகிறது. அது நின்ற பிறகும், கொஞ்ச நேரம் நிறுத்தி எடுக்கும்போதெல்லாம் நீலப்புகை ஒரு பொட்டலம் வந்தால் வால்வ் சீல் இறுகிப்போயிருக்கிறது. ஓடும்போதும் நீலம் ஓயவில்லை என்றால் பிஸ்டன் ரிங் பக்கம் பாருங்கள். டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், பின் கிராங்க் சீல் எல்லாவற்றையும் எஞ்சின் தரையில் இருக்கும்போதே புதிதாகப் போட்டுவிடுங்கள். அந்த எஞ்சினோடு வந்த பெல்ட் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று யார் சத்தியம் செய்தாலும் நம்பாதீர்கள்.

ஆட்டோ கியர் போட்டால் வண்டி நகரவில்லை, முனகல் மட்டும் வருகிறது

யார்டைக் குறை சொல்லும் முன் மாட்டியவரைக் கேளுங்கள். எஞ்சினுக்கும் ஆட்டோ கியர் பாக்ஸுக்கும் நடுவே நிற்கும் டார்க் கன்வெர்ட்டர், கியர் பாக்ஸுக்குள் உள்ள ஆயில் பம்பின் பள்ளத்தில் முழுசாக இறங்கி உட்காரவில்லை என்றால், போல்ட்டை முறுக்க முறுக்கப் பம்ப் உள்ளே உடையும். கன்வெர்ட்டர் சரியாக உட்கார்ந்திருந்தால், கியர் பாக்ஸின் கூடு எஞ்சினோடு முழுக்க ஒட்டிய பிறகும் அதைக் கையால் சுற்ற முடியும், எஞ்சின் தட்டுக்கு முன் சில மில்லிமீட்டர் இடைவெளியும் இருக்கும். கூட்டைப் போல்ட் போட்டு இழுத்துத்தான் சேர்க்க வேண்டியிருந்தது என்றால் அங்கேதான் தப்பு நடந்திருக்கிறது.

ஏசியில் குளிர் இல்லை

யார்டில் குழாய் வாய்கள் மூடாமல் கிடந்த கம்ப்ரஸரை எடுக்காதீர்கள், ஈரம் குடித்திருக்கும். குழாய் வாய்க்குள் விரல் விட்டுப் பார்த்து, கறுப்பாக மினுங்கும் துகள் ஒட்டினால் அது உள்ளேயே அரைந்து போனது. எதை மாட்டினாலும் ஈரம் உறிஞ்சும் டிரையரைப் புதிதாகப் போடுங்கள்.

எதிரில் வருகிறவர் எல்லாரும் லைட் அடித்துத் திட்டுகிறார்

ஹெட்லைட் ஏற்றம் சரியாக இருந்தும் இப்படி என்றால் அந்த விளக்கு சாலையின் மறுபக்கம் ஓடும் நாட்டுக்காகச் செய்ததாக இருக்கலாம். டிப் வெளிச்சம் சாலையின் ஓரத்தை நோக்கி ஒரு பக்கம் மட்டும் மேலேறும். பக்கம் மாறிய விளக்கில் அந்த ஏற்றம் நேராக எதிர்வண்டியின் கண்ணுக்குப் போகும். சுவரில் அடித்துப் பார்த்தால் கோடு எந்தப் பக்கம் ஏறுகிறது என்று தெரியும்.

ஏர்பேக் லைட்

இந்தத் தலைப்பில் வழிமுறை எதுவும் தரமாட்டேன். பழைய ஏர்பேக், பழைய சீட் பெல்ட், விபத்தைப் பதிவு செய்துகொண்ட ஏர்பேக் கம்ப்யூட்டர் எதையும் வாங்காதீர்கள். விபத்தில் பெல்ட்டை இறுக்கும் வெடிமருந்து ஒரே தடவைதான் வெடிக்கும். பெல்ட் துணியும் ஆளைத் தாங்கி ஒரு தடவை நீண்டுவிட்டால் அதன் வேலை முடிந்தது. ஏர்பேக்கை உப்ப வைக்கும் மருந்துக்கும் வயதாகும். டகாட்டா நிறுவனத்தின் ஏர்பேக்குகளில் இருந்த அம்மோனியம் நைட்ரேட், வருடக்கணக்கில் வெயிலும் ஈரமும் பட்டுக் கெட்டு, வெடிக்கும்போது உலோகத் துண்டுகளை ஓட்டுநர் மீதே வீசியது. அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 6 கோடியே 70 லட்சம் ஏர்பேக்குகளைத் திரும்பப் பெற உத்தரவிட்டார்கள், 2017இல் நிறுவனமே திவாலானது. அப்படித் திரும்பப் பெற வேண்டிய ஒன்று யார்டில் நிற்கும் வண்டியின் ஸ்டியரிங்கிலும் இருக்கலாம், பார்வைக்குத் தெரியாது.

வேறு சாமானுக்காக டாஷ்போர்டைக் கழற்றப் போகிறீர்கள் என்றால் பேட்டரி வயரை எடுத்துவிட்டுப் பத்து நிமிடமாவது காத்திருங்கள்.

“இது எங்க சாமான் இல்லையே”

எல்லாம் பார்த்தாயிற்று, பார்ட்தான் கெட்டது, திருப்பிக் கொடுக்கப் போகிறீர்கள். கல்லாவில் இருப்பவர் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு இப்படிச் சொல்வார். அவரையும் குறை சொல்ல முடியாது, வீட்டில் கிடந்த செத்த பார்ட்டைக் கொண்டுவந்து மாற்றிப் போகிறவர்கள் நிறைய. அதனால் வாங்கும்போதே வண்டியில் இருக்கும் நிலையில் ஒரு படம், அந்த வண்டியின் சேசிஸ் நம்பர் ஒரு படம், பார்ட்டில் உள்ள லேபிள் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். சேசிஸ் நம்பர் 17 எழுத்தும் எண்ணும் கொண்டது. அதில் ஐ, ஓ, க்யூ என்ற ஆங்கில எழுத்துகள் வராது, வட்டமாகத் தெரிவது பூஜ்யம்தான். சேசிஸ் நம்பரைச் சுரண்டிய வண்டி என்றால் பேரம் பேசாமல் திரும்பிவிடுங்கள், திருட்டுச் சாமானுக்குத் தெரிந்தோ தெரியாமலோ நீங்களும் உடந்தையாகிவிடுவீர்கள்.

ரசீதில் எத்தனை நாள் கெடு, பணமாகத் தருவார்களா, வேறு பார்ட்தான் தருவார்களா என்று எழுதி வாங்குங்கள். உங்கள் பழைய பார்ட்டை வேலை முடியும்வரை தூக்கிப் போடாதீர்கள், புல்லியோ பிராக்கெட்டோ அதிலிருந்து மாற்றவேண்டி வரலாம். யார்டில் பார்ட் மேல் பெயிண்டில் ஒரு கோடோ எண்ணோ போட்டுக் கொடுப்பார்கள். மண்ணெண்ணெய் ஊற்றித் துலக்கிப் பளபளவென்று மாட்டுகிற சுத்தக்காரர்கள் அந்தக் கோட்டையும் சேர்த்துத் துடைத்துவிட்டு, கல்லா முன்னால் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு நிற்பதை இரண்டு தடவை பார்த்திருக்கிறேன்.